ராங்க் இல்லாத பரீட்சை

பிரான்சில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கைத்தொழில் செய்பவர்களுக்கென்று ஒரு பரீட்சை நடக்கிறது. 'மெய்யர் உவ்ரியே த பிரான்ஸ்', அதாவது நாட்டின் தலைசிறந்த தொழிலாளி என்பது அதில் தேறியவர்கள் பெறும் பட்டம். 1924-இல் தொடங்கிய வழக்கம் இது. தச்சர், தையற்காரர், இறைச்சிக் கடைக்காரர், பூ அலங்காரம் செய்பவர் என ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியே உண்டு. பேஸ்ட்ரி செய்பவருக்கு ஒன்று, சாக்லேட் செய்பவருக்கு வேறொன்று. தேறியவர் தம் வெள்ளைச் சட்டையில் நாட்டுக்கொடியின் மூன்று நிறங்களும் ஓடும் காலரை அணிந்துகொள்ளலாம். தேறாதவர் அணிந்தால் சட்டப்படி குற்றம்.

என்னை யோசிக்க வைத்தது அந்தக் காலர் அல்ல. இந்தப் பரீட்சையில் முதல் இடம் என்று ஒன்று கிடையாது. பதினாறு பேர் இறுதிச் சுற்றுக்கு வந்தால் நான்கு பேர் தேறலாம், ஒருவர் தேறலாம், ஒருவருமே தேறாமலும் போகலாம். பக்கத்து மேசைக்காரர் சறுக்கினால் எனக்கு லாபமில்லை. அவர் அருமையாகச் செய்தாலும் எனக்கு நட்டமில்லை. வேலைக்கென்று ஒரு தரம் இருக்கிறது. அதை எட்டினாயா என்பது மட்டுமே கேள்வி.

இதை நான் இவ்வளவு கவனமாகப் படித்ததற்குக் காரணம் என் அக்கா மகள். பிளஸ் டூவில் நல்ல மார்க். பேஸ்ட்ரி செஃப் ஆக வேண்டும், சாக்லேட் வேலை கற்க வேண்டும் என்கிறாள். "மார்க் வரலைன்னா சரி, போகட்டும்னு விடலாம். இவ்வளவு மார்க்கை வச்சுக்கிட்டு கேக் செய்யப் போறேங்கிறாளே" என்று அத்தான் மனம் நொந்து போயிருக்கிறார். நல்ல மனிதர். அவர் வாயில் வருவது ஊரின் கணக்கு. குறைந்த மார்க்குக்குக் கிடைக்கும் படிப்பை எடுத்தால் மிச்ச மார்க் வீண் என்கிற கணக்கு. எத்தனை பேரை முந்தினாய் என்பதிலிருந்துதான் அங்கே ஒரு வேலைக்கு மதிப்பு வருகிறது. "சித்தி, நீங்களாவது சொல்லுங்க" என்றாள் அவள். தெரியாத தொழிலைப் பற்றி என்ன சொல்ல? படிக்கத் தொடங்கினேன்.

படித்ததில் என்னை முழுக்க ஆட்கொண்டது டெம்பரிங் என்னும் வேலை. சாக்லேட்டின் உயிர் கொக்கோ வெண்ணெய். அது உறையும்போது ஆறு விதமாகப் படிகமாகக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவம்தான் வேண்டும். அதில் உறைந்த சாக்லேட் பளபளக்கும், உடைத்தால் 'டக்' என்று முறியும், கையில் ஒட்டாமல் நாக்கில் கரையும். அந்த வடிவத்தைப் பிடிக்க டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை உருக்கி, பழைய படிகம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 27, 28 டிகிரிக்கு இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏற்ற வேண்டும். மில்க் சாக்லேட்டுக்கும் வெள்ளைச் சாக்லேட்டுக்கும் இதைவிடச் சற்றுக் குறைவு. பளிங்குக் கல்லின் மேல் ஊற்றி, கரண்டியால் பரப்பி, வழித்து, மறுபடி பரப்பிக் குளிர வைப்பது பழைய முறை. இரண்டு டிகிரி கூடிவிட்டால் நல்ல படிகமும் கரைந்துபோகும். அறை சூடாக இருந்தாலும் கெடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் மொத்தமும் கட்டிதட்டிவிடும். பிழையாக உறைந்த சாக்லேட் சில நாளில் சாம்பல் பூத்து நிற்கும்.

கொக்கோ வெண்ணெய்க்கு ஆளைத் தெரியாது. நேற்று பட்டம் வாங்கியவருக்கும் இன்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் அது வைப்பது ஒரே சோதனை. நாற்பது வருடம் செய்தவரும் நாளைக் காலையில் முதல் கிண்ணத்திலிருந்து தொடங்கத்தான் வேண்டும். அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது, "அதுதான் சித்தி எனக்குப் பிடிச்சிருக்கு, அதுகிட்ட யாரும் சிபாரிசு பண்ண முடியாது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவள் பக்கம் சாய்ந்தேன்.

நம் ஊர்க் கடைகளிலும் வீட்டு பேக்கர்களிடமும் பெரும்பாலும் புழங்குவது கம்பவுண்ட் என்னும் சரக்கு. கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. டெம்பரிங் வேண்டாம், உருக்கி அச்சில் ஊற்றினால் உறைந்துவிடும். நம் வெயிலுக்கும் விலைக்கும் அது தோதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கம்பவுண்டில் மட்டும் வேலை செய்யும் கைக்குச் சாக்லேட் கற்றுத்தரும் பாடம் கிடைக்காது. அவள் அந்தக் கடினமான பாடத்தைத்தான் கேட்கிறாள்.

இந்த வேலையின் கஷ்டத்தை நினைத்து அக்கா பயப்படுகிறாள். அதிலும் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க நிற்கிற வேலை. பாகு 150 டிகிரியைத் தாண்டும்போது தெறித்தால் தோல் உரியும். ஊருக்குப் பண்டிகை என்றால் இவர்களுக்கு ஓய்வே இல்லாத வாரம். கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் வீட்டோடு கழித்த பேஸ்ட்ரி செஃப் அரிது. அதோடு, கைத்தொழிலைப் போற்றிப் பேசுவது எளிது, போற்றும் ஏற்பாடு செய்வது கடினம். பிரான்சில் பதினைந்து, பதினாறு வயதில் பட்டறைக்குப் போகும் பிள்ளைக்கு எழுத்து ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு, இடையிடையே வகுப்பறை உண்டு, முடிவில் அரசு தரும் சான்றிதழ் உண்டு. நம் பேக்கரிகளின் பின்கட்டில் வேலை கற்ற எத்தனையோ பேரிடம் கற்றதற்குச் சான்றாக ஒரு காகிதம்கூட இல்லை. கைத்திறனில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். அந்தப் பையன்களை நாம் 'படிப்பு வராதவர்கள்' என்று சொல்லும் வரை அத்தானின் கணக்கு மாறப்போவதில்லை.

ஜாக் டோரஸ் என்பவரின் வாழ்க்கையை அத்தானுக்குச் சொன்னேன். தெற்கு பிரான்சின் பண்டோல் என்ற கடலோர ஊரில் சிறுவயதிலேயே பேஸ்ட்ரி கடையில் பழகியவர். 1986-இல் அந்தக் காலரை வாங்கினார். நியூயார்க்கின் 'லெ சிர்க்' உணவகத்தில் பதினோரு ஆண்டு செல்வந்தர்களுக்கு இனிப்பு படைத்துவிட்டு, 2000-இல் புரூக்ளினில் சொந்தச் சாக்லேட் கடை திறந்தார். அத்தான் கேட்டுக்கொண்டார். "ஜெயிச்சவன் கதையைச் சொல்ற" என்றார். அது உண்மைதான்.

அதனால் இன்னொருவரைப் பற்றியும் சொன்னேன். 'கிங்ஸ் ஆஃப் பேஸ்ட்ரி' என்று 2009-இல் வந்த ஆவணப்படம் ஒன்று இருக்கிறது. பென்னிபேக்கரும் ஹெகிடஸும் எடுத்தது. 2007-இல் லியோன் நகரில் மூன்று நாள் நடந்த பேஸ்ட்ரி இறுதிச் சுற்றைப் பற்றியது. அதில் பிலிப் ரிகொலோ என்பவரின் சர்க்கரைச் சிற்பம் நொறுங்கிவிடுகிறது. அதன் பிறகும் அவர் மிச்ச வேலையைத் தொடர்கிறார், தேறுகிறார். நொறுங்கியதை மட்டும் பார்க்காமல் மூன்று நாளின் கைவேலையையும் நடுவர்கள் பார்த்திருக்கிறார்கள். படத்தின் நடுநாயகம் ஜாக்கி ஃபைஃபர். அல்சாஸ் பகுதியின் பேக்கரிக்காரர் மகன், சிகாகோவில் பிரெஞ்சு பேஸ்ட்ரி பள்ளியை நிறுவியவர்களில் ஒருவர். குடும்பத்தை விட்டு வந்து பயிற்சி எடுத்து, மூன்று நாளும் உழைக்கிறார். அவர் தேறவில்லை.

திரும்பிப் போய் மறுபடி பள்ளியில் கற்றுக்கொடுத்தார். 2013-இல் 'தி ஆர்ட் ஆஃப் ஃபிரெஞ்ச் பேஸ்ட்ரி' என்ற புத்தகத்தை எழுதினார், அதற்கு ஜேம்ஸ் பியர்ட் விருதும் கிடைத்தது. அவரோடு சேர்ந்து பள்ளியை நிறுவிய செபாஸ்டியன் கனோனிடம் அந்தக் காலர் இருக்கிறது. காலர் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே பள்ளியில் பாடம் நடத்தியவர்கள். வலித்திருக்காது என்று சொல்ல மாட்டேன், படத்தில் ஃபைஃபரின் முகத்தில் வலி தெரிகிறது. ஆனால் அவரை யாரும் தோற்கடிக்கவில்லை. தரம் ஒன்று இருந்தது, அன்று அது எட்டவில்லை. கற்ற கை அவரிடமேதான் இருந்தது. ராங்க் பட்டியலில் பின்தங்கிய நம் பிள்ளைகளுக்கு அந்த மிச்சம்கூட இருப்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அத்தான் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது என்றேன். சேருவதற்குள் ஒரு மாதம் அவள் ஒரு பேக்கரியின் பின்கட்டில் நின்று பார்க்கட்டும். விடிகாலை போய், தட்டு கழுவி, மாவு சலித்து, கால் வலித்து, அப்புறமும் வேண்டும் என்று சொன்னால் பணம் கட்டலாம். அவள் சரி என்று தலையாட்டினாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரி முதலாளி அத்தானுக்குப் பழக்கமாம். சம்பளமும் கேட்கச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சமாக இருந்தாலும்.