பிரான்சிலிருந்து மனைவிக்கு

முதல் உலகப் போருக்காக 1914-இல் பிரான்சில் இறங்கிய இந்தியக் காலாட்படையின் பெரும்பகுதி அடுத்த ஆண்டின் இறுதியில் மெசபடோமியாவுக்கு மாற்றப்பட்டது. குதிரைப்படையின் இரண்டு டிவிஷன்கள் மட்டும் 1918 தொடக்கம் வரை பிரான்சிலேயே தங்கின. பஞ்சாபிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் இருந்த மனைவிமாருக்கு இந்த வீரர்கள் அனுப்பிய கடிதங்களில் சில இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

வீரர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. எழுத்தறிந்த சக வீரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, உருதுவிலோ குர்முகியிலோ இந்தியிலோ சொல்லச் சொல்ல எழுதிக்கொடுப்பார். ஊரில் கடிதம் வாங்கும் மனைவிக்கும் பெரும்பாலும் படிக்கத் தெரியாது. எழுத்துத் தெரிந்தவர் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோர் காதிலும் அது விழும். அப்படியிருக்க, ஆசை வார்த்தை எதையும் கணவன் வாய்விட்டுச் சொல்லிவிட முடியாது. தகப்பனாருக்கோ தம்பிக்கோ எழுதும் கடிதத்தின் கடைசியில் அவளை விசாரித்து ஒரு வரி சேர்ப்பதோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.

நிலம், கடன், வழக்கு, மாடு, பிள்ளைகளின் கல்யாணம் ஆகியவையே பக்கங்களை நிரப்பின. அதற்குக் காரணம் உண்டு. அன்றைய இந்தியக் குதிரைப்படையில் பெரும்பகுதி சிலதார் முறையில் இயங்கியது. சேரும்போதே வீரர் ஒரு தொகை கட்டித் தன் குதிரைக்கும் தளவாடத்திற்கும் பொறுப்பேற்க வேண்டும். ஆகவே ஓரளவு நிலபுலன் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம் சேர்ந்தார்கள். போர்முனையில் இருந்தாலும் அவர்கள் மனம் வயலில் இருந்தது.

பதுங்குகுழிகளும் முள்கம்பியும் நிறைந்த அந்தப் போரில் குதிரைக்கு வேலை குறைவு. எதிரியின் அணி உடைந்தால் பாய்ந்து போகலாம் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்; நடுநடுவே குதிரையை விட்டிறங்கிக் குழி தோண்டினார்கள். 1916 ஜூலையில் சோம் போரில் தக்காணக் குதிரைப்படை ஈட்டியோடு பாய்ந்தது போன்ற நாட்கள் அரிது. குளிர்காலத்தில் பிரெஞ்சுக் கிராமங்களில் தங்கவைக்கப்பட்டபோதுதான் கடிதங்களுக்குப் புது விஷயம் கிடைத்தது. ஆண்கள் போருக்குப் போய்விட்ட வீடுகளில் பெண்களே ஏர் ஓட்டினார்கள், கணக்கு எழுதினார்கள், பத்திரிகை படித்தார்கள். அதைப் பார்த்தவர்களில் சிலர், மகள்களைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதினார்கள். மொத்தக் கடிதங்களிலும் மிக முக்கியமான பகுதி இதுதான் எனலாம். எந்தச் சீர்திருத்தவாதியும் தூண்டாமல், கண்ணால் கண்டதிலிருந்து வந்த யோசனை அது.

கணவன் மனைவிக்கு நடுவில் அரசாங்கமும் உட்கார்ந்திருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கதர் (Ghadar) புரட்சி இயக்கத்தின் பிரசுரங்கள் படைக்குள் நுழையும் என்ற அச்சத்தால், இந்திய அஞ்சலைத் தணிக்கை செய்ய 1914 இறுதியில் ஓர் அலுவலகம் ஏற்பட்டு, பின் பூலோன் நகரில் இயங்கியது. கேப்டன் ஹோவல் அதன் முதல் தலைவர். 1915 மார்ச் வாக்கில் பிரான்சிலிருந்த இந்திய வீரர்கள் வாரத்திற்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை எழுதினார்கள். அத்தனையையும் படிக்க ஆளில்லை. தணிக்கை இருப்பது தெரிந்த வீரர்கள் ஜாடையாகவும் எழுதினார்கள். கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய், செம்மிளகு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். இந்த ஜாடையைத் தணிக்கையாளர்களும் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

முரண் என்னவென்றால், இந்தத் தணிக்கையால்தான் கடிதங்கள் இன்று கிடைக்கின்றன. மூலங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. தணிக்கையாளர் மேலதிகாரிகளுக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தெடுத்த பகுதிகள் மட்டும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. வரலாற்றாசிரியர் டேவிட் ஒமிசி அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1999-இல் நூலாக வெளியிட்டார். அரசாங்கத்தின் கண்ணை உறுத்தியதும் அதன் ஆர்வத்தைத் தூண்டியதுமே பிரதியெடுக்கப்பட்டன. சாதாரண நலம் விசாரிப்புகள் பிரதியில்லாமல் கப்பலேறிவிட்டன.

விடுப்புக் கிடைக்காத ஏக்கம் பின்னாளைய கடிதங்களில் அடிக்கடி வருகிறது. ஆனால் 1918-இல் பிரான்சை விட்டுக் கிளம்பிய படைப்பிரிவுகள் ஊர் திரும்பவில்லை. எகிப்து வழியாகப் பாலஸ்தீனப் போர்முனைக்குப் போயின; அவற்றில் சில அந்த ஆண்டு அக்டோபரில் டமாஸ்கஸையும் தாண்டி அலெப்போ வரை குதிரையில் சென்றன.