அடிபட்ட அம்பாசிடரை எடுக்கலாமா?

எங்கள் பக்கம் அடிபட்ட வண்டி விலைக்கு வருகிறது என்றால் முதலில் கேட்பது விலையை அல்ல. "ஆள் சேதம் உண்டா?" என்றுதான் கேட்பார்கள். ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில் ஒரு பட்டறையில் 1973 மாடல் அம்பாசிடர் நிற்கிறது, எடுக்கலாமா மாமா என்று என் மனைவியின் அண்ணன் மகன் வந்து கேட்டபோது நானும் அதைத்தான் கேட்டேன். இல்லை என்றான். வாழைத்தார் ஏற்றி நின்ற லாரியின் பின்னால் மோதியிருக்கிறது. ஓட்டியவருக்குக் கையில் காயம், அதோடு போயிற்று.

இந்தக் கேள்வியை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் உண்டு. நான் தள்ள மாட்டேன். ஓர் உயிர் போன வண்டியில் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போக மனம் ஒப்பாமல் இருப்பது இயல்பு. அதோடு, உயிரிழப்போ படுகாயமோ நடந்திருந்தால் வண்டி காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வந்திருக்கும். வழக்கு முடியும் வரை விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் உரிமையாளர் கையில் திரும்பியிருக்கும். இழப்பீட்டு வழக்கு தனியாக நடந்துகொண்டிருக்கும். பெரியவர்கள் பயத்தோடு கேட்ட அதே கேள்வியை வக்கீலும் கேட்பார்.

மறுநாள் இருவரும் போய்ப் பார்த்தோம். பம்பர் உள்ளே வளைந்து, கிரில் உடைந்து, பானெட் கூடாரம்போல் மடங்கி, இடது ஃபெண்டர் சக்கரத்தில் உரசிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் போய்விட்டது. பையன் முகம் வாடிவிட்டது. எனக்கு அவ்வளவு கவலை வரவில்லை. ஃபெண்டர், பானெட், பம்பர் எல்லாம் கழற்றி மாட்டுகிறவை. மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அம்பாசிடர் வந்துகொண்டிருந்தது. முகம் மாடலுக்கு மாடல் மாறினாலும் உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான். சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் இன்றைக்கும் சாமான் கிடைக்கும். வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் சாமானுக்கு அலைய வேண்டும், அந்தக் கம்பெனி 1980களின் கடைசியிலேயே கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஆனால் ஹெரால்டுக்கு ஒரு நன்மை உண்டு. அதற்குத் தனியாக ஒரு சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு உட்காரவைத்த உடம்பு. அடி எதில் பட்டது என்று பிரித்துப் பார்க்கலாம். அம்பாசிடரும் பத்மினி காரும் அப்படி இல்லை. தரைத் தகடும் தூணும் கூரையும் சேர்ந்ததுதான் வண்டியின் எலும்பு. முன்னால் வாங்கிய அடி எங்கே போய் நின்றது என்பதை வெளியே இருந்து சொல்ல முடியாது. பானெட்டின் மடிப்பைக் கண்டு பயப்படுகிறவர்கள், கதவு சற்றே இறங்கிப் பூட்டுவதைக் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறார்கள். பயப்பட வேண்டியது அந்தக் கதவுக்குத்தான்.

பட்டறையின் டிங்கர் அண்ணாச்சி நான்கு கதவையும் திறந்து மூடினார். கூரையும் தூணும் சேருகிற மூலையில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவினார். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தார். இரண்டு குறுக்களவும் ஒத்துவந்தால் சட்டம் சதுரமாக இருக்கிறது என்று பொருள். டார்ஷன் பார் வந்து பிடிக்கும் குறுக்குச் சட்டத்தையும் ஸ்டீயரிங் ராக் உட்காரும் இடத்தையும் நெடுநேரம் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்தபடி சொன்னார்: "தொங்கல் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. மூஞ்சி மட்டும்தான் வாங்கியிருக்கு. அடிப்பக்கம் வாங்கியிருந்தா நான் தொட மாட்டேன். இழுத்து நிமித்தலாம், ஆனா நேரா ஓடாது. டயரத் தின்னுட்டே கெடக்கும்."

அவரிடம் நான் இன்னொன்றும் கேட்டேன்: வெள்ளத்தில் நின்ற வண்டியா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் ஊரான ஏரலில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கடைத்தெருவுக்குள் வந்தது. பாலத்தை ஒட்டிய சாலை அறுந்து ஊர் துண்டுபட்டது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு இதே விசாரணைதான் நடந்தது. தைக்கிற மெஷினை வெயிலில் வைத்துப் பார்ப்பதா, பீரோவைத் தட்டி எடுப்பதா, பைக்கைப் பட்டறைக்குத் தள்ளுவதா, இரும்புக்கடைக்குப் போடுவதா? ஓடாத கடிகாரத்தை விடாமல் வைத்துக்கொண்டவர்களும் ஓடுகிற மிக்சியைத் தூக்கிப்போட்டவர்களும் எங்கள் தெருவிலேயே உண்டு. எதை மீட்பது என்பதை விலை மட்டும் முடிவு செய்வதில்லை என்று அந்த வாரத்தில் ஊரே தெரிந்துகொண்டது.

நனைந்த வண்டி அடிபட்ட வண்டியைவிட மோசம் என்பது என் எண்ணம். தகடுகளுக்கு இடையே மூடிய பெட்டிபோன்ற பகுதிகளில் புகுந்த வண்டல் வெளியே வராது. ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருந்தே தின்னும். மேலே பட்டி பூசி பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டு மழைக்காலம் வரை யாருக்கும் தெரியாது. ஆகவே இந்தப் பக்கத்தில் பழைய வண்டி பார்க்கிறவர்கள் தரைவிரிப்பைத் தூக்குங்கள், சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கைத் தொடுங்கள், ஹெட்லைட் கிண்ணத்துக்குள் மண்கோடு இருக்கிறதா பாருங்கள். இந்த வண்டியில் அது இல்லை. வெள்ளத்தின்போது மேட்டில் நின்றிருக்கிறது.

இப்படிப்பட்ட வண்டி மலிவாக வருவதற்குக் காரணம் உண்டு. பழுதுச் செலவு, காப்பீடு செய்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டுக் கம்பெனி அதை முழுச் சேதம் என்று எழுதிவிடும். ஐம்பது வருட வண்டிக்கு அந்த மதிப்பே சொற்பம். பெரும்பாலும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் போட்டிருப்பார்கள், அதில் சொந்த வண்டியின் சேதத்துக்குக் காலணா வராது. உடைமையாளருக்கு விற்பதைத் தவிர வழியில்லை. வாங்குகிறவன் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. இதே மாடல் ஓடுகிற நிலையில் என்ன விலைக்குக் கிடைக்கும்? அதிலிருந்து சாமான், டிங்கரிங், பெயிண்டிங், கட்டி இழுத்துவரும் செலவு எல்லாம் போக மிஞ்சுவதுதான் கொடுக்க வேண்டிய விலை. டிங்கர் சொன்ன தொகையோடு பாதியைக் கூட்டிக்கொள்ளச் சொன்னேன். அவர் பொய் சொல்கிறவர் அல்ல, பிரித்த பிறகுதான் சில சங்கதிகள் தெரியவரும்.

காகிதத்தில்தான் மருமகனுக்குப் பொறுமை இல்லை. எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றம் உடனே நடக்க வேண்டும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய உடைமையாளர் பெயரிலேயே ஓட்டுவது அந்த மனிதருக்குச் செய்கிற துரோகம். இருபது வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. ஐம்பது வயதைக் கடந்த வண்டிக்கு 2021 விதிப்படி 'விஏ' வரிசையில் பாரம்பரிய எண் வாங்கலாம், ஆனால் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது தவிர அதைச் சாலையில் எடுக்க முடியாது. உடம்பிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது. ஓட்டுவதற்கு வாங்குகிறவனுக்கு அது தோதுப்படாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான், "தாத்தா வண்டி இந்தக் கலர்தான் மாமா." என் மாமனார் வாடகைக் கார் ஓட்டியவர். நவதிருப்பதிக்கும் திருச்செந்தூருக்கும், எங்கள் ஊர்ச் சேர்மன் கோவில் ஆடி அமாவாசைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கியே மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். அந்த வண்டி என்றைக்கோ கைமாறிப் போய்விட்டது. அதுவே இன்று நொறுங்கி வந்து நின்றிருந்தால் நான் டேப் பிடிக்கச் சொல்லியிருக்க மாட்டேன். கணக்கு இடித்தாலும் எடு, ஓடாவிட்டாலும் கொட்டகையில் நிற்கட்டும் என்றிருப்பேன். அது அவர் கை பட்ட ஸ்டீயரிங். இது வேறொருவரின் வண்டி, நிறம் மட்டும் ஒன்று. தாத்தாவின் நினைவுக்காக இதன்மேல் ஐம்பதாயிரம் கூட வைத்துக் கொடுப்பது சரியல்ல. நினைவுக்கு விலை வைத்தால் விற்கிறவர் அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

இருந்தாலும் எடு என்றுதான் சொன்னேன். காரணம் அந்த டிங்கர் அண்ணாச்சி. கேஸ் வெல்டிங் சுடரைக் கையில் பிடித்துத் தகட்டில் ஓட்டை விழாமல் ஒட்டவைக்கவும், சுத்தியலும் டாலியுமாக மடிப்பை எடுத்து விரல்நுனியால் மட்டம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்றைய வண்டிகளுக்கு அடிபட்டால் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதோடு வேலை முடிகிறது. அண்ணாச்சியின் மகன் வளைகுடா போய்விட்டான். பட்டறையில் கூட நிற்க ஒரு பையன் இல்லை. இந்த வேலையை நான்கைந்து வருடம் கழித்துச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டால், அப்போது வண்டி இருக்கும், செய்கிற ஆள் இருக்க மாட்டார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வண்டி நிற்கலாம். அடிப்பக்கம் நேராக இருந்து, காகிதம் சுத்தமாக இருந்து, வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் எடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள். எடுத்தால், அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள உங்கள் தெருப் பையன் ஒருவனை அனுப்பிவையுங்கள், அவன் சம்பளத்தையும் பழுதுச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.