பொதியும் பாரமும்

பயணம் புறப்படும்போது எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதை நாம் பெரும்பாலும் வசதி பற்றிய வினாவாகவே கருதுகிறோம். பெட்டியின் கொள்ளளவும் தோளின் வலிமையும் அதனைத் தீர்மானிக்கப் போதுமானவை என்பது நமது எண்ணம். எனினும் அஃது ஓர் அறவியல் வினாவும் ஆகும். பயணி ஒருவன் எடுத்துச் செல்லாத பொருளொன்று வழியில் அவனுக்கு இன்றியமையாததாகும்போது, வேறு எவரேனும் அதனைக் கொடுத்தாக வேண்டும். அவ்வாறு கொடுப்பவர் யார்? கொடுத்தபின் அவரிடம் எஞ்சுவது யாது? பொதி கட்டும் வேளையிலேயே இவ்வினாக்களை எழுப்பிக்கொள்ளும் கடப்பாடு பயணிக்கு உண்டா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

காலநிலை ஒரே சீராக அமைந்த நாட்டில் இவ்வினா அத்துணை கூர்மையாக எழாது. நமது தீவின் நிலை வேறு. திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், புல்மோட்டை வீதியில் அமைந்த கரையோர ஊர் குச்சவெளி. ஒக்டோபர் முதல் சனவரி வரை வாடைக்காற்றோடு வருவதே அவ்வூரின் பெருமழை. வைகாசி தொடங்கி வீசும் கச்சான், மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் நீரைப் பொழிந்துவிட்டு, வறண்ட வெப்பத்தோடு இக்கரையை வந்தடைகின்றது. குச்சவெளியில் கிணறுகள் அடி காணும் அதே கச்சான் காலத்தில் இரத்தினபுரியிலே குடையின்றி வெளியிறங்க இயலாது. மேலும், ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறைகின்றது என்பது நாம் பாடசாலையிற் படித்த செய்தி. நுவரெலியாவோ கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. காலையிற் குச்சவெளியில் பஸ் ஏறுபவர் அன்றிரவே அங்கு இறங்கலாம். ஆனால், வியர்வையில் நனைந்த மெல்லிய சட்டை அங்கு உடையாகக் கொள்ளத்தக்கதன்று. தூரம் சிறிதாகவும் வேறுபாடு பெரிதாகவும் இருப்பதே இந்நாட்டுப் பயணியை ஏமாற்றுவது. ஒரு நாட் பயணம்தானே என்று அவன் ஆயத்தமின்றிப் புறப்பட்டுவிடுகிறான்.

இலேசாகச் செல்வதே உயர்ந்தது என்று ஞானியர் பலர் கருதினர். கிரேக்க நாட்டு டயோஜெனிஸ், சிறுவன் ஒருவன் கையால் நீரள்ளிக் குடிப்பதைக் கண்டு தன் குவளையையும் எறிந்துவிட்டான் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கதை. நம்மிற் பலர் இக்கதையை வியந்து பேசுவதுண்டு. என்னால் அவ்வளவு எளிதில் வியக்க இயலவில்லை. குவளையை எறிந்த அவ்வறிஞன் உணவுக்கு ஏதென்சு மக்களிடமே இரந்தான். அவனுடைய சுமை குறைந்தது உண்மை. அச்சுமையின் ஒரு பகுதி ஊராரின் அடுப்புக்கு இடம்மாறியது என்பதும் உண்மை. பௌத்த துறவிகளின் விதி இதனினும் நேர்மையானது என்று தோன்றுகிறது. அவர்தம் உடைமை பாத்திரமும் சீவரமும் பிற சிலவுமே. ஆனால் மழைக்காலத்து மூன்று மாதமும் அலைந்து திரியாது ஓரிடத்தில் தங்குக என்றும் அவ்விதி கட்டளையிடுகின்றது. மழையில் நடப்பவன் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்க நேரும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். குறைவாகக் கொண்டுசெல்பவன் எங்கும் எப்பொழுதும் செல்லும் உரிமையைத் தானே சுருக்கிக்கொள்கிறான். (வடஇந்திய மழையை எண்ணி எழுந்த இவ்விதி இலங்கையில் யூலை முதல் ஒக்டோபர் வரை கைக்கொள்ளப்படுகின்றது, அம்மாதங்களிற் பெரும்பகுதி குச்சவெளியிலே வெயில் காய்கின்றது என்பது தனி வேடிக்கை.)

நம் மண்ணில் இவ்வினாவுக்கு நடைமுறையிலேயே விடை கண்டவர்கள் கதிர்காமப் பாதயாத்திரிகர்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எனக் கிழக்குக் கரையோரமாக நடந்து, ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமத்தை அடைவது அவ்யாத்திரை. முல்லைத்தீவிலிருந்து திருகோணமலைக்கு வரும் கரைவழி குச்சவெளியைத் தொட்டுச் செல்வது. போர்க்காலத்தில் இவ்வழி பலமுறை அடைபட்டதையும் பின்னர் திறந்ததையும் நாம் அறிவோம். ஊர்களினூடாக நடக்கும் வாரங்களில் யாத்திரிகரின் தோளில் இருப்பது சிறு துணிப் பொட்டலமே. கோயில் மடங்களிலும் வீட்டு முற்றங்களிலும் அவர்களுக்குச் சோறும் மோரும் கிடைக்கின்றன. கொடுப்போருக்கு அது புண்ணியம். ஒரு வேளைச் சோற்றால் அவ்வீடு பட்டினி கிடப்பதுமில்லை. ஆனால் உகந்தைமலை முருகன் கோயிலை அடைந்ததும் அதே யாத்திரிகர் அரிசி, பருப்பு, அவல், சர்க்கரை, நீர்க்கலம் எனச் சுமை கட்டத் தொடங்குகின்றனர். அதற்கப்பால் குமண, யால வனங்கள். நடக்க வேண்டிய நாட்கள் பல. வழியில் வீடுகள் இல்லை. அங்கே ஒருவர் சோறின்றி வந்தால், உடன் நடக்கும் இன்னொருவரின் அளந்தெடுத்த பங்கிலிருந்தே அவருக்குக் கொடுக்க வேண்டும். எனவே காட்டின் விளிம்புவரை முருகனை நம்பி வந்தவர், காட்டினுள் அரிசியையும் சுமந்து செல்கின்றார். இதில் நம்பிக்கைக் குறைவு ஏதும் இருப்பதாக நான் கருதவில்லை. சுமை கூடுவதும் குறைவதும் கொடுப்போரின் நிலையைப் பொறுத்தே அமைவதைத்தான் இங்கு காண்கிறோம்.

அவ்வாறாயின் எல்லாவற்றையும் தானே சுமந்து சென்று, எவருக்கும் பாரமாகாதிருப்பவனே சிறந்த பயணி எனலாமா? அதுவும் பொருந்தாது. ஆற்றுப்படை நூல்களை எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாணாற்றுப்படையில் வழிச்செல்லும் பாணனுக்கு எயினரும் ஆயரும் உழவரும் வலைஞரும் தத்தம் நிலத்துக்குரிய உணவை அளிப்பது கூறப்படுகின்றது. பாணன் தன் கட்டுச்சோற்றை மாத்திரம் உண்டு நடந்திருப்பானாயின் அந்நிலங்களை அவன் கடந்திருப்பான். அங்கு வாழும் மக்களை அறிந்திருக்க மாட்டான். நிலாவெளிக் கரையிலே, குடிநீர் முதற் படுக்கை விரிப்புவரை யாவும் உடன்கொண்டு வந்து, அயலிலுள்ள கடையில் ஒரு தேநீரும் அருந்தாது திரும்பும் உல்லாசப் பயணிகளை நாம் காணாதவர்களல்லர். பிறரிடம் எதுவும் பெறமாட்டேன் என்னும் முன்னேற்பாடு, அவர் கொடுக்கக்கூடியது எதுவும் இல்லை என்ற எண்ணத்துக்கு மிக அருகில் நிற்கின்றது. மேலும், யாவும் கொண்டுவந்தோம் என்போரும் உண்மையில் யாவும் கொண்டுவருவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களிலிருந்து மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைப்பது நெடுநாள் வழக்கம். படகு, வலை, சமையற் பாத்திரம் யாவும் அவர்களோடு வருகின்றன. கடலும் கரையும் மாத்திரம் உள்ளூராருடையவை. அதனால் எழும் பிணக்குகளும் புதியவையல்ல.

ஆதலின் பயணியின் ஆயத்தத்துக்கு ஓர் அளவுகோலை நாம் கருதிப் பார்க்கலாம். போகும் இடத்து மக்கள் தமக்கு இழப்பின்றித் தரக்கூடியதை அவர்களிடம் பெற இடம் வைத்தல் தகும். அவர்கள் தந்தால் அவர்களே குறைபடுவர் எனத்தக்கதைக் கட்டாயம் எடுத்துச் செல்லல் வேண்டும். இவ்வளவுகோல் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கச்சான் காலத்துக் குச்சவெளிக்குச் செல்பவர் போர்வையை மறந்தாற் குறையில்லை. விறாந்தையில் ஒரு பாய் போதும். ஆனால் நாட்கணக்காகத் தங்குபவர், தொலைவிலிருந்து குடத்திற் சுமந்துவந்த நன்னீரில் தாராளமாகக் குளிப்பது தகாது. சிவனொளிபாத மலைக்கோ டிசம்பர்ப் பூரணையிலிருந்து யாத்திரைக் காலம். 2243 மீற்றர் உயரத்துச் சிகரத்தில் விடியலுக்குக் காத்திருக்கும் கரையோரத்தவர், குளிரில் நடுங்கியபின் அடிவாரத்துத் தோட்ட மக்களை நாடுகின்றார் எனக் கொள்வோம். லயன் அறையொன்றில் ஐவருக்கு இரு கம்பளிகளே உள்ள இடத்தில், விருந்தினருக்கென ஒன்று நீட்டப்படும். அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்பதே இங்குள்ள சிக்கல். கொடுப்பவர் மனமுவந்து கொடுத்தார் என்பதனால் மட்டும் பெற்றவரின் கவனக்குறைவு நீங்கிவிடுவதில்லை. கம்பளிச் சட்டை வாங்க வசதியற்ற மாணவனின் நிலை வேறு என்பது உண்மையே. அவனிடம் இக்கணக்கைக் கேட்பது கொடுமை. வசதியிருந்தும் எடுத்துச் செல்லாதவரைப் பற்றியே பேசுகிறோம்.

பிறருக்காகப் பொதி கட்டும்போதும் இதே கணக்கு வேண்டியிருக்கின்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் உலகெங்கணுமிருந்து இலங்கைக்கு நிவாரணம் வந்தது. அதனோடு குளிர்நாட்டு உடைகளும் உயர்குதிப் பாதணிகளும் வந்து குவிந்தன. அனுப்பியோரின் இரக்கத்தை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் தம் வீட்டு அலுமாரியைப் பார்த்துக் கட்டிய பொதி அது. உப்புக்காற்று வீசும் வெப்பக் கரையில் ஈரத்துணியோடு நிற்பவரை நினைத்துக் கட்டியதன்று. வேண்டாதவற்றைப் பிரித்து அகற்றும் வேலையும் அல்லற்பட்ட அக்கரைகளின்மேலேயே விழுந்தது.

இதுவரை கூறியவை, புறப்படும் நாளைத் தானே குறித்துக்கொள்ளும் பயணிக்கே பொருந்துவன. 1990ஆம் ஆண்டு இடம்பெயர்வின்போதும் ஆழிப்பேரலையின்போதும் குச்சவெளிப் பகுதி மக்களுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. வெறுங்கையோடு வந்து நிற்பவரிடம் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. அப்பொழுது ஆயத்தமாயிருக்கும் கடப்பாடு முழுவதும் வரவேற்பவருடையதாகின்றது. எனினும் அம்மக்களும் தம் அனுபவத்திலிருந்து ஓர் அளவுகோலைக் கண்டிருக்கின்றனர். 2020 டிசம்பர் 2ஆம் நாளிரவு திருகோணமலைக்கு வடக்கே புரெவிப் புயல் கரை கடந்ததுபோன்ற வேளைகளுக்காக, வாடைக்காலம் தொடங்கும்போதே கரையோர வீடுகளில் ஒரு பொலித்தீன் பை கட்டி வைக்கப்படுவதுண்டு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள் ஆகியவை அதனுள் இருக்கும். எந்த அயலாரும் இரவல் தர முடியாத பொருள்கள் அவை. பாயும் அரிசியும் போய்ச் சேரும் பாடசாலைக் கட்டடத்தில் எவரேனும் தருவர் என்று விட்டுவிடுகின்றனர்.