பழைய தேரும் புதிய இயந்திரமும்

கொழும்பு வீதியாற் கண்டிக்கு வரும் வாகனங்களுக்குக் கடுகண்ணாவை ஏற்றம் ஒரு பரீட்சையாகும். அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பந்தயச் சிறுகார் ஒன்று அவ்வேற்றத்தில் இளைத்து நிற்குமாயின், அதன் உரிமையாளர் முன் ஒரு வினா எழுகின்றது. தேய்ந்த இயந்திரத்தைச் செப்பனிடுவதா, அன்றி அதனை அகற்றிவிட்டு நவீன யப்பானிய இயந்திரமொன்றைப் பொருத்துவதா? 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி வரை நீடித்த இந்நாட்டில், பழைய வாகனத்தைப் பேணுதல் பலருக்குப் பொழுதுபோக்காக மட்டுமன்றித் தேவையாகவும் இருந்தது. ஆயினும் இவ்வினா செலவை மட்டும் பற்றியதன்று. இயந்திரம் மாறியபின் எஞ்சுவது அதே கார்தானா என்பதே அதன் உட்பொருள்.

மிலிந்தபஞ்ஹ என்னும் பௌத்த நூலில், மன்னன் ஏறிவந்த தேரைக் காட்டி நாகசேனர் வினவுகின்றார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவுமன்று, அவற்றின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர் என்பது அவர்தம் முடிபு. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் பழைய கப்பலா எனக் கிரேக்கர் வாதிட்டனர். கழற்றிய பலகைகளைக் கொண்டு மற்றொரு கப்பல் கட்டப்படின் இரண்டில் எது தீசியசினது எனப் பதினேழாம் நூற்றாண்டில் ஹொப்ஸ் வினவினார். தொல்காப்பியமோ, முதல் சினை என்னும் வேறுபாடு சொல்லுவோன் குறிப்பைப் பொறுத்ததென்கின்றது. இக்கருத்து ஆழமானது. வேறுபாடு சொல்லுவோனைப் பொறுத்ததாயின், சொல்லுக்குரிய பொறுப்பும் அவனதே.

தொழிற்சாலையை விட்டு வந்த நிலையே ஒரு காரின் உண்மை நிலை என்பர் பழமை பேணுவோர். எம்.ஜி. மிட்ஜெற் காரின் வரலாறு இக்கூற்றை ஐயுறச் செய்கின்றது. 1961இல் வெளிவந்தபோது அதிலிருந்த 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம், மொறிஸ் மைனர் என்னும் குடும்பக் காரின் இயந்திர வகையைச் சார்ந்ததே. 1974இல் அதனைச் செய்தோரே, முன்னர் போட்டியாக விளங்கிய ட்றயம்ப் காரின் 1493 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தை அதிற் பொருத்தினர். பெயர் மட்டும் மாறவில்லை.

எனினும் மறுதரப்பில் நியாயம் இல்லாமலில்லை. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், கிடையாத உறுப்புகளை உள்ளூர்ப் பட்டறைகளிலே கடைந்தெடுத்துப் பழைய இயந்திரங்களை ஓடச்செய்த தொழிலாளர் பலர். அத்தகைய இயந்திரத்தை இரும்புக்கடைக்கு எறிவது, அக்கைகளின் உழைப்பையும் எறிவதாகும்.

பேராதனையில் மகாவலியின் குறுக்கே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதிரை மரத்தாற் கட்டப்பட்ட ஒற்றை வளைவுப் பாலம் இருந்தது. பின்னர் அது அகற்றப்பட்டு இரும்புப் பாலம் அமைந்தது. பேராதனைப் பாலம் தொடர்ந்தது. முதிரைப் பாலம் மறைந்தது. இவ்விரு கூற்றுகளும் உண்மையே. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைத்தாலே பொய் பிறக்கின்றது.

ஆகவே இயந்திரத்தை மாற்றுதல் தன்னளவிற் குற்றமன்று. ஆயின் அது மூன்று கடமைகளை விதிக்கின்றது. முதலாவது வாய்மை. இலங்கை வாகனப் பதிவில் இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. மாற்றத்தைப் பதியாது, பழையது பழையபடியே உள்ளதென விற்பவன், வாங்குவோனை மட்டுமன்றி வரலாற்றையும் ஏமாற்றுகின்றான். இரண்டாவது பிறர் உயிர். முதல் மிட்ஜெற்றின் வலு ஏறத்தாழ 46 குதிரைவலு. அதன் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை பழைய உருளை பிறேக்குகள். இருமடங்கு வலுவை ஏற்றிவிட்டு பிறேக்கை மாற்றாதவன், றம்பொடை இறக்கத்தில் எதிரே நடந்துவரும் பிள்ளையின் உயிரைத் தன் விருப்புக்குப் பணயம் வைக்கின்றான். மூன்றாவது பின்வருவோர் உரிமை. அடிச்சட்டத்தை வெட்டாது, கழற்றிய இயந்திரத்தையும் காத்துவைப்பின், நாளை வேறொருவர் பழைய நிலைக்கு மீளலாம்.

தேர் என்பது பெயரே என நாகசேனர் கூறியது உண்மையாகலாம். ஆயினும் அப்பெயரை நம்பியே மனிதர் அதில் ஏறுகின்றனர். பொருளின் உறுப்புகள் மாறலாம். அந்நம்பிக்கைக்கு மாற்றுறுப்பு இல்லை.