போனை எடுங்கள், பிள்ளைகளே!

 

போன மாதம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு சகோதரி எழுந்து சாட்சி சொன்னார்கள். "பாஸ்டர், இப்பல்லாம் போன் அடிக்கிறதுக்கு முன்னாடியே யாரு பேசப் போறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடுது. அடுப்படியில வேலை செஞ்சினு இருப்பேன். திடீர்னு எங்க அண்ணன் ஞாபகம் வரும். அஞ்சு நிமிஷத்துல அவர் போன் வருது. இது ஆவியானவர் கொடுத்த வரம்தானே பாஸ்டர்?" என்று கேட்டார்கள். சபையில் "அல்லேலூயா" சத்தம் எழும்பிற்று. உடனே இன்னும் நாலு பேர், "எனக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான்" என்று கையை உயர்த்தினார்கள்.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் இந்தக் காரியத்தில் எனக்குள்ளே ஒரு பழைய காயம் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு உங்களுக்குப் போதித்தால் அது மாய்மாலம். ஆகவே இந்த மாதச் செய்தியில் எல்லாவற்றையும் திறந்து சொல்லுகிறேன்.

நமக்குப் பழக்கமான காரியம்தான்

வாசலில் காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்று நம் பாட்டிமார்கள் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டார்கள். சாப்பிடும்போது புரையேறினால், "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டினார்கள். ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நின்றால், "உனக்கு ஆயுசு நூறு! இப்பத்தான் உன்னைப் பத்திப் பேசினு இருந்தோம்" என்கிறோம். இரட்சிக்கப்பட்ட பிறகு காகத்தை விட்டோம், பல்லி சகுனத்தை விட்டோம். ஆனால் போன் விஷயத்தில் மட்டும் அதே பழைய ஆளாக நிற்கிறோமோ என்று நான் பயப்படுகிறேன்.

நம் சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு ஒரு காரியம் தெரியும். பக்கத்து வீட்டுத் தறிச்சத்தத்தை வைத்தே, இப்போது உட்கார்ந்து நெய்வது அப்பாவா மகனா என்று கண்ணால் பார்க்காமல் சொல்லிவிடுவார்கள். மிதி மிதிக்கிற வேகமும், நாடா போய் வருகிற தாளமும் ஆளுக்கு ஆள் வேறே. இது அற்புதமா? இல்லை, பழக்கம். நெருங்கி வாழ்கிறவர்களுக்குச் சில காரியங்கள் தானாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகன் பேசுவான் என்பது தாய்க்குத் தெரிவதும் அப்படித்தான். அவனுடைய வேலை நேரமும் லீவு நாளும் அவள் மனதுக்குள் ஒரு கணக்காக ஓடிக்கொண்டே இருக்கிறது. மணி அடித்தவுடன், "பார்த்தியா, நினைச்சேன், வந்துட்டான்" என்கிறாள்.

எண்ணிப் பார்த்தவர் ஒருவர்

பிரியமானவர்களே, இதை ஆராய்ச்சியாகவே எடுத்துச் செய்த ஒருவர் இருக்கிறார். அவர் நம் தமிழ்நாட்டில் தங்கியிருந்தவர் என்பது உங்களுக்கு ஆச்சரியமாயிருக்கும். ரூபர்ட் ஷெல்ட்ரேக் என்ற இங்கிலாந்து தேசத்து உயிரியல் விஞ்ஞானி 1974-ல் ஐதராபாத்துக்கு வந்தார். இக்ரிசாட் என்கிற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் துவரை, கொண்டைக்கடலைப் பயிர்களைப் பற்றி ஆராய்ந்தார். பிறகு குளித்தலைக்குப் பக்கத்தில், காவேரிக் கரையில் தண்ணீர்பள்ளியில் உள்ள சாந்திவனம் ஆசிரமத்தில் தங்கி ஒரு புத்தகம் எழுதினார். அது 1981-ல் வெளிவந்து, விஞ்ஞானிகள் நடுவில் பெரிய சண்டையையே உண்டாக்கியது.

இவர்தான் பிற்காலத்தில் போன் விஷயத்தைச் சோதித்தார். ஒருவரைக் கூப்பிடக்கூடியவர்கள் என்று நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரில் யார் கூப்பிட வேண்டும் என்பது குலுக்கல் முறையில் முடிவாகும். மணி அடிக்கும்போது, போனை எடுப்பதற்கு முன்பே இன்னார் என்று பெயர் சொல்லிவிட வேண்டும். சும்மா குருட்டாம்போக்கில் சொன்னாலே நூற்றுக்கு 25 தடவை சரியாக வரும். ஆனால் 63 பேரை வைத்துச் செய்ததில் நூற்றுக்கு 40 சரியாக வந்தது என்று 2003-ல் எழுதினார். வேறு ஆராய்ச்சியாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. பெரும்பாலான விஞ்ஞானிகள் இதை ஏற்றுக்கொள்ளவுமில்லை.

நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. அவர் சொன்ன கணக்கையே அப்படியே எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 40 சரி. அப்படியானால் நூற்றுக்கு 60 தப்பு! தப்பாகப் போன அந்த அறுபதை யாராவது சபையில் எழுந்து சாட்சி சொல்லுகிறோமா? "அண்ணன் போன் வரும் என்று நினைத்தேன், வரவே இல்லை, ஸ்தோத்திரம்" என்று யாராவது சொன்னதுண்டா? பலித்ததை நெஞ்சில் எழுதி வைக்கிறோம். பலிக்காததை அன்றைக்கே மறந்துவிடுகிறோம்.

சந்தேகமிருந்தால் ஒரு மாதம் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒருவர் நினைவு வரும்போதெல்லாம், போன் வருவதற்கு முன்பே, பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பிடித்துக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினாரே. நாம் சோதிப்பதினால் ஆவியானவருக்கு ஒரு குறைச்சலும் வராது.

வேதம் என்ன காட்டுகிறது?

"அப்படியானால் கர்த்தர் முன்கூட்டியே அறிவிக்கமாட்டாரா பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். நிச்சயமாக அறிவிப்பார்! 1 இராஜாக்கள் 14-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீலோவில் கண்பார்வை மங்கிப்போன அகியா தீர்க்கதரிசி உட்கார்ந்திருக்கிறார். யெரொபெயாமின் மனைவி வேஷம் மாறி வருகிறாள். அவள் வாசலுக்குள் கால் வைக்கும் முன்னே, வருகிறது யார், எதற்காக வருகிறாள் என்று கர்த்தர் சொல்லிவிட்டார். அப்போஸ்தலர் 10-ல் கொர்நேலியு அனுப்பின மூன்று பேர் பேதுருவைத் தேடி வருவதை ஆவியானவர் முன்னதாகச் சொல்லுகிறார். ஆனால் கவனியுங்கள். ஒரு இடத்திலாவது, "பார், எனக்கு முன்னாலேயே தெரியும்" என்று பெருமை பேசுவதற்காக அது கொடுக்கப்படவில்லை. பேதுரு கீழே இறங்கிப் போக வேண்டும், அந்நியரை வீட்டுக்குள் அழைக்க வேண்டும், மறுநாள் அவர்களோடே பயணப்பட வேண்டும். அதற்காகத்தான் கர்த்தர் அறிவித்தார்.

கர்த்தர் மறைக்கிறதும் உண்டு. சூனேம் ஊர் ஸ்திரீ மகனைப் பறிகொடுத்துவிட்டுக் கர்மேல் பர்வதத்துக்கு ஓடி வந்தபோது, எலிசா அவளைத் தூரத்தில் கண்டார். ஆனால் என்ன துக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. கர்த்தர் இதை எனக்குச் சொல்லவில்லையே என்று அவர் வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய தீர்க்கதரிசி! தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. அவள் காலைப் பிடித்தபோது கேயாசி தள்ளிவிடப் பார்த்தான். எலிசாவோ, அவளை விடு என்றார். அவள் பேசக் காது கொடுத்தார்.

சாமுவேலைப் பாருங்கள். ராத்திரியில் பெயர் சொல்லி ஒரு சத்தம். கூப்பிட்டது யார் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. ஏலிதான் என்று எண்ணினான். ஒரு தரமல்ல, மூன்று தரம் தப்பாக எண்ணினான்! ஆனால் மூன்று தரமும் எழுந்து ஓடினான். யார் கூப்பிட்டது என்பதில் பிள்ளை தவறினான், எழுந்து ஓடுவதில் தவறவில்லை. நாலாம் தரம் கர்த்தர் அவனோடே பேசினார். அல்லேலூயா!

என்னுடைய பாவம்

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1996-ல் எங்கள் வீட்டுக்கு லேண்ட்லைன் கனெக்‌ஷன் வந்தது. அப்போது தெருவில் வேறு யாருக்கும் போன் கிடையாது. விசுவாசிகள் எல்லாரும் எங்கள் நம்பரைத்தான் பி.பி. நம்பராகக் கொடுத்திருந்தார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை செய்கிற பிள்ளைகள் எங்கள் வீட்டுக்குப் போன் செய்வார்கள். நாங்கள் ஓடிப்போய்த் தாய் தகப்பனைக் கூட்டி வருவோம்.

கூப்பிடுகிறவர் நம்பர் அந்தப் போனில் தெரியாது. ஆனால் மணி அடித்தவுடனே, "இது இன்னார் மகன்" என்று நான் சொல்லுவேன். பல தடவை சரியாக இருக்கும். எஸ்.டி.டி. கட்டணம் குறைகிற நேரம் எது, எந்தப் பிள்ளைக்கு எப்போது லீவு என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. இது வரம் என்று எண்ணினேன். பிரசங்க பீடத்திலேயே அதைச் சொல்லியுமிருக்கிறேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

1997-ல் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போன் அடித்தது. அன்று முழுவதும் ஒரு சகோதரர் ஏதோ சண்டைக்காகத் திரும்பத் திரும்பப் போன் செய்து என்னை நோகடித்திருந்தார். என் மனைவி எழுந்தாள். "எடுக்காதே. அவர்தான். எனக்குத் தெரியும். காலையில பேசிக்கலாம்" என்றேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. "என்னங்க, எதுக்கும் எடுத்துப் பார்க்கட்டுமா?" என்றாள். "சொல்றேன் இல்ல" என்று அதட்டினேன். அதுவும் ஓய்ந்தது.

மூன்று வாரம் கழித்து அடுத்த தெருவில் ஒரு தாய்க்குக் கடிதம் வந்தது. தகப்பனோடு சண்டை போட்டுத் தறியை விட்டு ஓடிப்போன அவர்கள் மகன் எழுதியிருந்தான். பதினோரு மாதமாக அவனிடத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. இன்ன தேதி ராத்திரி பூத்திலிருந்து பாஸ்டர் வீட்டுக்கு ரெண்டு தடவை போன் பண்ணினேன், யாரும் எடுக்கவில்லை, அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தான். கடிதத்தில் விலாசம் இல்லை. அதற்கு இரண்டு மாதத்துக்குள் அந்தத் தகப்பன் மாரடைப்பில் மரித்தார். மகனுக்குச் சொல்லி அனுப்ப எங்களுக்கு வழியில்லை. தறியில் பாதிச் சேலை அப்படியே நின்றது.

மறுவருஷம் அவன் வந்தான். "ஐயா, அன்னைக்கு யாராவது எடுத்திருந்தா மறுநாளே பஸ் ஏறியிருப்பேன்" என்றான். நான் அந்த வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. கள்ளங்கபடம் இல்லாமல் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்கள்: "ஐயா, உங்களுக்குத்தான் முன்னாடியே தெரிஞ்சிடுமே?"

அந்தக் கேள்வி இன்றுவரை என் நெஞ்சில் இருக்கிறது.

ஆகவே என்ன செய்ய வேண்டும்?

சகோதரியே, உங்கள் அண்ணன் நினைவு வருவது தப்பல்ல. அது ஆவியானவரின் ஏவுதலாகவும் இருக்கலாம், உங்கள் பாசமாகவும் இருக்கலாம். இரண்டும் நல்லதே. ஆனால் நினைவு வந்தவுடனே, மணி அடிக்கிறதா பார்ப்போம் என்று போனைப் பார்த்து உட்காராதேயுங்கள். நின்ற இடத்திலேயே அவருக்காக ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு நீங்களே கூப்பிடுங்கள். "அண்ணா, நல்லா இருக்கியா?" என்று கேட்க வரம் தேவையில்லை, அன்பு போதும். சகல இரகசியங்களையும் அறிந்தும் அன்பில்லாதவன் ஒன்றுமில்லை என்றுதானே 1 கொரிந்தியர் 13 நமக்குப் போதிக்கிறது?

இப்போது கையில் இருக்கிற போனில் பெயரே தெரிகிறது. அதுவே நமக்குச் சோதனையாகிவிட்டது. பெயரைப் பார்க்கிறோம், "இவனா? கடன் கேட்பான். இவளா? அழுவாள்" என்று கவிழ்த்து வைக்கிறோம். யார் என்பது தெரிகிறது, என்ன பாரத்தோடு என்பது தெரிகிறதா? எருசலேமில் பேதுருவின் விடுதலைக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே, பேதுரு வந்து கதவைத் தட்டினபோது நம்பவில்லை. ரோதை என்ற பெண் சத்தத்தை அறிந்தாள், ஆனால் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடினாள். பேதுருவோ வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தார்! அறிந்துகொண்டால் மட்டும் போதாது, பிள்ளைகளே. கதவைத் திறக்க வேண்டும்.

நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே நம் தேவையை அறிந்திருக்கிற தேவன் ஒருவர் உண்டு. அழைப்பது யார் என்று அவருக்குத் தெரியும். எத்தனையாவது தடவை அதே காரியத்துக்காக அழைக்கிறோம் என்றும் தெரியும். பாதி ராத்திரியில் கூப்பிட்டாலும், "இவன்தானே, காலையில் பார்க்கலாம்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய பிள்ளைகளாகிய நாமும் அப்படியே இருப்போமாக.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்களுக்குத் தெரியும் என்கிற பெருமையை எங்களைவிட்டு எடுத்துப்போடும். நீர் ஒருவரை எங்கள் நினைவுக்குக் கொண்டுவரும்போது, அவர்களுக்காக முழங்காற்படியிடவும், அவர்களைத் தேடிப்போகவும் கிருபை தாரும். வீட்டைவிட்டுப் போன பிள்ளைகளை நினைத்தருளும். அவர்கள் கூப்பிடுகிற ராத்திரியிலே எங்களைத் தூங்கவிடாதேயும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், நல்ல பிதாவே. ஆமென்.