வாவிக்கரையில் ஒரு வழக்குரை

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு வாவியோரக் கண்ணகி கோயில்களில் கதவு திறக்கும். செட்டிபாளையம் உட்படப் பல ஊர்களில் ‘கண்ணகி வழக்குரை’ ஏடு படிப்பார்கள், முடிவில் குளிர்த்திச் சடங்கு. அரசனிடம் நீதி கேட்டு வழக்குரைத்த பெண்ணே இங்கு தெய்வம்.

இதே கரையின் பிள்ளைகள்தான் கொழும்பு புதுக்கடையில் இருக்கும், 1874இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்கும் படிக்கிறார்கள். மொழித்திறன், பொது அறிவு, நுண்ணறிவு ஆகியவற்றைச் சோதிக்கும் பரீட்சை அது. கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்தது. நல்ல முடிவு. தாய்மொழியில் சட்டம் கற்க முடியாதவர், தாய்மொழியில் அழுது வருபவரின் வழக்கை எப்படி முழுதாக எடுத்துரைப்பார்?

ஆனால் அறத்தைப் பரீட்சை அளக்குமா?

கண்ணகி வழக்குரைத்த அரசன் பாண்டியன் சட்டம் அறியாதவன் அல்லன். களவுக்கு என்ன தண்டனை என்பது அவனுக்கு மனப்பாடம். சிலம்பைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட அவள் கணவன் கோவலனை விசாரிக்கவும், அந்தச் சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று பார்க்கவுமே தவறினான். அறிவில் குறையில்லை; பொறுமையில்தான் குறை. இந்தக் குறையை வினாத்தாள் கண்டுபிடிப்பது கடினம். வைகாசி இரவில் கோயில் முன்றிலில் உட்கார்ந்து ஏட்டைக் கேட்ட பிள்ளைக்கோ, சோதிக்காத சான்று மதுரையை எரித்த கதை பரீட்சைக்கு முன்பே தெரியும்.