மின்மினியும் இயந்திரப் படகும்

இன்பம் தரும் பொருளையே அழிக்கும் வண்ணம் அதனைத் துய்ப்பது அறமாகுமா? பழமையான இவ்வினாவை ஜொகூர் மாநிலத்தின் ஆறு ஒன்று இன்று புதிதாக எழுப்புகிறது.

ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி ஜொகூர் நீரிணையில் கலக்கும் ஜொகூர் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது கோத்தா திங்கி. அப்பகுதியின் ஆற்றோரச் சதுப்பு மரங்களில் இரவில் மின்மினிகள் திரளுகின்றன. அவற்றைக் காண வெளியூரார் வருகின்றனர். இயந்திரப் படகுகள் அவர்களை ஏற்றிச் செல்கின்றன.

மின்மினி ஒளிர்வது மனிதர் கண்டு மகிழ்வதற்காக அன்று. ஆண் பூச்சி தன் துணையை அழைக்கும் மொழியே அவ்வொளி. அதன் புழு கரையோர ஈரமண்ணில் வாழ்ந்து, சிறு நத்தைகளை உண்டு வளர்கிறது. வளர்ந்த பூச்சி மரத்தின் இலைகளில் வந்து கூடுகிறது. மரம், மண், நத்தை, இருள் ஆகிய நான்கனுள் ஒன்று குறையினும் அதன் குலம் குன்றும். விரைந்து செல்லும் படகு எழுப்பும் அலை கரையை அரிக்கிறது. வேர்ப்பிடிப்பு இழந்த மரம் சாய்கிறது. படகின் விளக்கோ பூச்சியின் அழைப்பை மறைக்கிறது. தோட்டங்களுக்காகக் கரையோரக் காடுகளை அழித்தல் இதனினும் பெரிய தீங்கு என்பது உண்மையே. எனினும், பெருந்தீங்கு ஒன்று இருப்பதால் சிறுதீங்கு நன்மையாகிவிடாது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைத் தமிழர் மறப்பதில்லை. கொழுகொம்பு இன்றித் தவித்த கொடிக்கு அவன் கொடுத்தது தேரை மட்டுமா? தன் விரைவையும் அன்றோ கொடுத்தான்! அக்காலத்தின் விரைவூர்தி தேர்; இக்காலத்தின் ஆற்றுத் தேர் இயந்திரப் படகு.

ஆயினும் இவ்வுவமை ஓரிடத்தில் தடுமாறுகிறது. பாரி பறம்பின் தலைவன். தேர் ஒன்றை இழந்தாலும் அவன் மனையில் உலை கொதிக்கும். படகோட்டிக்கோ படகே சோறு. 'உன் தேரை நீயும் கொடு' என்று ஏழையிடம் கூறுவது எளிது. அது கொடையாகாது, பறித்தலாகும். உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்போர் அவ்வன்பின் விலையைப் பிறர் தலையில் ஏற்றுதல் முறையன்று.

அவ்வாறாயின் வழி யாது? சிலாங்கூர் மாநிலத்துக் கம்போங் குவாந்தானில் துடுப்பு வலிக்கும் சிறு படகுகளிலேயே மின்மினிகள் காட்டப்பட்டு வந்துள்ளன. அங்கே அமைதியே பிழைப்புக்குத் துணையாயிற்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1978ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், கடற்பசுக்கள் வாழும் நீர்நிலைகளில் படகுகளின் விரைவுக்கு எல்லை வகுக்க வழி செய்தது. அச்சட்டம் படகை ஒழிக்கவில்லை. அதன் வேகத்தையே அடக்கியது.

இவற்றால் விளங்குவது ஒன்று: பகை, படகுக்கும் மின்மினிக்கும் இடையே இல்லை; மனிதரின் பொறுமையின்மைக்கும் மின்மினிக்கும் இடையிலேயே உள்ளது. மெல்லச் செல்லும் படகு ஓர் இரவில் சிலரையே ஏற்றும். அக்குறைவை ஈடுசெய்யக் காண வருவோர் கூடுதல் கட்டணம் தரவேண்டும், காத்திருக்கவும் வேண்டும். இன்பம் துய்ப்பவரே அதன் விலையையும் தருதல் நீதி.

பாரியின் அறம் இன்று ஒரு மன்னனிடம் மட்டும் எதிர்பார்க்கத்தக்கதன்று. படகில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தம் விரைவில் சிறிது ஈந்தால் போதும். ஆற்றங்கரை மரங்கள் இருளில் ஒளிரும். படகோட்டியின் அடுப்பும் எரியும்.